சட்டைக் கையில் கிடந்த பதினாலாம் பிரிவு

தையக்காவுக்குப் பேச்சே வராது என்றுதான் எங்கள் இல்லத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டரைக்குத் தையல் ரூமைத் திறந்தால் சாயங்காலம் ஐந்து மணிவரை அவர் உதட்டில் ஏழெட்டுக் குண்டூசி வரிசையாக நிற்கும். குண்டூசியைக் கடித்துக்கொண்டு யாராலும் வம்பளக்க முடியாது. அவ்வளவுதான் ரகசியம். ஊசியை எடுத்துவிட்டால் அக்கா வெளுத்து வாங்குவார். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பார்கள் என்று அவர் புருஷனே சொல்லியிருக்கிறார். அந்த மாமா பஸ் டெப்போவில் மெக்கானிக். இடது காது சரியாகக் கேட்காது. கேட்காத காதை அக்கா பக்கம் வைத்துப் படுப்பதுதான் தன் இல்லறத்தின் ரகசியம் என்பார்.

இல்லத்தில் நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆறு வயசிலிருந்து பதினாறு வரை. அப்பா அம்மா இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள். எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை. வருஷத்துக்கு இரண்டு தடவை அக்கா எங்களை வரிசையில் நிற்கவைத்து அளவெடுப்பார். மற்ற இடங்களில் எப்படியோ, எங்களுக்கு உலகத்தில் மூன்றே அளவு: அரை, முக்கால், முழு. ஆனாலும் அக்கா ஒவ்வொருவருக்கும் தனியாக டேப் வைத்துத்தான் நோட்டில் எழுதுவார். மேனேஜர் சார் ஒரு தடவை, "மூணு சைஸ்தானேம்மா, எதுக்கு நூத்திப்பன்னெண்டு தடவை டேப்பை இழுக்கறீங்க?" என்று கேட்டாராம். அக்கா வாயில் ஊசி இருந்தது. பதில் வரவில்லை. ஒத்துக்கொண்டார் என்று மேனேஜர் சார் எடுத்துக்கொண்டார்.

எங்களுக்கு அக்காமேல் ஒரு மரியாதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சிலர் (யார் என்பது இங்கே முக்கியமில்லை) ஒழுங்கு மாஸ்டருடைய பேண்ட்டின் இரண்டு காலையும் அடியில் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். மாஸ்டர் காலையில் அவசரமாகக் காலை விட்டு, தொபீரென்று விழுந்து, கட்டில் விளிம்புக்கு முன்பல்லில் ஒரு சில்லைக் கொடுத்தார். விசாரணை நடந்தது. தையலைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடக்கூடியவர் ஊரிலேயே ஒருத்தர்தான். அக்கா பேண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் தையல் ரூம் பக்கம் போனபோது, "நூலை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தைச்சிருக்கணும்" என்றார். அதோடு சரி.

அந்த மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். அவர் யாரையும் அடித்ததில்லை என்று எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியும். உண்மையும் அதுதான். கையைப் பின்னால் முறுக்கி, சுவரைப் பார்த்து நிற்கவைத்து, மணிக்கட்டை மெதுவாக மேலே தூக்குவார். தழும்பு இருக்காது, வீக்கம்கூடச் சீக்கிரம் வற்றிவிடும். வருஷாவருஷம் வருகிற பரிசோதனைப் படிவத்தில் 'உடலில் தழும்பு உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று நூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதுவார்கள். எழுதுகிறவர் விசில்தான். அவர் கையெழுத்து அழகு.

இந்த மாதிரி விஷயங்கள் நடக்கக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்து, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று ஒரு புத்தகம் போட்டு, ஏழு பிரதி அனுப்பிவைத்தார்கள். ஒன்றை மேனேஜர் சார் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி பீரோவில் வைத்தார். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும், கை படக் கூடாது. மீதி ஆறும் மேஜையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. காகிதம் நல்ல கெட்டி, வழவழவென்று, பெரிய சைஸ். "பேப்பர் கட்டிங் போட இதைவிட நல்ல தாள் கிடைக்காது, எடுத்துக்கங்கம்மா" என்று அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பேப்பர் கட்டிங் என்றால், துணியில் கத்தரி வைக்குமுன் காலர், கை, பாக்கெட் எல்லாம் முதலில் காகிதத்தில் வெட்டிவைத்துக்கொள்வார்கள், அது. ஆறு புத்தகமும் ஒன்றரை வருஷத்தில் அரை, முக்கால், முழு என்று ஆணியில் தொங்கின. நாங்கள் போட்டிருந்த ஒவ்வொரு சட்டையும் கொள்கைப்படிதான் வெட்டப்பட்டது. இதை எந்த இல்லமும் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தச் சமயத்திலேயே, ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கவேண்டும் என்று கடிதம் வந்தது. பெண்ணாக இருக்கவேண்டும், எல்லாக் குழந்தைகளோடும் பழக்கம் இருக்கவேண்டும். மேனேஜர் சார் தன் பங்குக்கு மூன்றாவதாக ஒரு தகுதி சேர்த்துக்கொண்டார்: வாயைத் திறக்கக் கூடாது. பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு தாளை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்றார். அக்கா துணிக்கான ரசீது என்று நினைத்துப் போட்டார்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. அளவெடுக்கிற நாள். மதியம் மூன்று மணிக்கு வரிசையின் கடைசியில் முக்கால் நின்றான். ஏழு வயசு. முக்கால் சைஸ் சட்டைக்குள் முழுசாகக் காணாமல் போகிற உடம்பு, அதனால் அந்தப் பெயர். தனக்குப் புதுச் சட்டை வேண்டாம், பழசே நன்றாக இருக்கிறது என்றான். புதுச் சட்டை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அக்கா பதினேழு வருஷத்தில் பார்த்ததில்லை. கையைத் தோள்வரை தூக்கு என்று ஜாடை காட்டினார். இடது கை மேலே போனது. வலது கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. அவன் சிரிக்கப் பார்த்தான்.

எங்கள் இல்லத்தில் ஒரு பிள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிற ஒரே பெரிய மனுஷி அக்காதான். மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டச் சொல்கிறவர்கள்.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி ஊசி மெத்தையில் குத்தினார். "யாரு?" என்றார். முக்கால் கழுத்தில் தொங்குகிற ஒன்றை ஊதுகிற மாதிரி வாயைக் குவித்துக் காட்டினான். சத்தம் வராமல் ஊதினான். தட்டில் சோற்றை மிச்சம் வைத்ததற்காம். அக்கா சட்டைத் துணியிலேயே ஒரு முழம் கிழித்து, கையை மடக்கிக் கழுத்தோடு தூளி கட்டிவிட்டு, நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார்.

அங்கே நடந்ததை வராண்டாவில் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த சிலர் முழுசாகக் கேட்டோம். மேனேஜர் சார் ரொம்ப வருத்தப்பட்டார். ஆனால் எதற்கும் ஒரு முறை இருக்கிறது, புகாரை முதலில் பாதுகாப்பு அலுவலரிடம்தான் சொல்லவேண்டும், தன்னிடம் சொன்னால் செல்லாது என்றார். அது யார் என்று அக்கா கேட்டார். சாருக்கே மறந்துவிட்டது. ஃபைலைத் தேடி எடுத்துப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கதாம்மா" என்றார் சார்.

"சரி, அப்ப என்கிட்ட நான் சொல்லிட்டேன். இனிமே நான் என்ன பண்ணணும்?"

அதெல்லாம் கொள்கையில் இருக்கிறது என்றார் சார். பீரோவில் இருக்கிறதைக் கொடுங்கள் என்றதற்கு, உறை பிரித்தால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்றார். "உங்களுக்குத்தான் ஆறு காப்பி குடுத்தேனே." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் உள் குழு கூடும், அதில் பேசலாம், நான்தான் தலைவர், செயலாளரையும் உங்களுக்குத் தெரியும் என்றார். செயலாளர் விசில்.

விசில் சனிக்கிழமை மதியமே தன் ஊருக்குப் போனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் வருவார். வந்ததும் சார் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் முக்கால் எந்தச் சுவரைப் பார்த்து நிற்பான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்தது.

வீட்டில் மாமா முதலில் இதெல்லாம் உனக்கு எதற்கு, பதினேழு வருஷ வேலை போய்விடும் என்று சொன்னாராம். அப்புறம் எந்தக் கை என்று கேட்டாராம். வலது என்றதும், ஸ்பேனர் பிடிக்கிற கை என்றாராம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவை பைக்கில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டவர் அவர்தான்.

அன்றைக்குத் தையல் ரூமில் தரையே தெரியவில்லை. ஆணியில் தொங்கிய அத்தனை காலரும் கையும் பாக்கெட்டும் கீழே இறங்கின. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒன்பது பேர் உள்ளே. நான் ஒன்பதாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்தவன். வாழ்க்கையில் ஒரு புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்தது அன்றுதான், அதுவும் வயிற்றால் ஊர்ந்துகொண்டு. முன்னுரை ஆறும் முழுசாக இருந்தன. நன்றியுரையும் இருந்தது. அமைச்சர் படம் ஒரு முழு சைஸ் முதுகில் சிரித்துக்கொண்டிருந்தது. வேண்டிய இடம்தான் ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு விதமாகத் துண்டாகியிருந்தது. கடைசியில் பதினாலாம் பிரிவின் மேல்பாதி ஒரு அரை சைஸ் கையில் கிடைத்தது. பாதுகாப்பு அலுவலர் யாருடைய அனுமதியும் கேட்காமல், விஷயம் தெரிந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நேரடியாக மேற்பார்வைக் குழுவுக்குத் தெரிவிக்கலாம். 'கீழ்க்கண்ட எண்ணில்' என்று சொல்லி, கை முடிந்து அக்குள் வளைவு வந்துவிட்டது.

கீழ்க்கண்ட எண் ஒரு பாக்கெட்டில் இருந்தது. கடைசி இலக்கம் மட்டும் அடி வளைவில் கத்தரிக்குப் போய்விட்டது. மணி இரண்டேகால். அக்கா அளவெடுத்தது முந்தின நாள் மூன்று மணிக்கு.

ஒரு இலக்கம் என்றால் பத்தே வாய்ப்பு. முன்பின் தெரியாத வீட்டுக்கு போன் போட்டு விளையாடுவதில் எங்களில் சிலருக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அக்காவின் போனை வாங்கி வரிசையாகப் போட்டோம். பூஜ்யம் ஒரு டயர் கடை. ஒன்றில் யாரோ மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து பரம்பரையோடு திட்டினார். இரண்டை யாரும் எடுக்கவில்லை. மூன்றில் ஒரு அம்மா அக்காவைத் தன் நாத்தனார் என்று நினைத்துக்கொண்டு சண்டையைத் தொடங்கிவிட்டார். அக்காவும் சும்மா இருக்கமுடியாமல் நாத்தனார் சார்பில் இரண்டு பதில் கொடுத்தார். நாலு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஐந்து ஒரு ஃபேக்ஸ் மிஷின், காதைக் கிழித்தது. ஆறில் ஒரு கிழட்டுக் குரல், மேற்பார்வைக் குழு ஆபீஸ் வாட்ச்மேன் என்றது. மணி இரண்டு நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை, நாளைக்குப் பத்து மணிக்கு மேல் பேசுங்கள் என்றார் அவர். அந்த ஆள் எட்டு மணிக்கே வந்துவிடுவான் என்றார் அக்கா. என்ன ஆள், என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா சொன்னார். அந்தப் பக்கம் இருமல் ஒன்று வந்து நின்றது.

"புகார் நோட்டு பீரோவுல இருக்கும்மா. சாவி மேடம்கிட்ட. என்கிட்ட இருக்கறது கேட் நோட்டு மட்டும்தான்."

"அதுல எழுதுங்கண்ணே."

"அதுல உள்ள வந்தவங்களைத்தானே எழுதணும்."

"நான் வந்துட்டேன்னு எழுதிக்குங்க."

கொஞ்சநேரம் பேனா தேடுகிற சத்தம். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். "வந்த நேரம் ரெண்டு நாப்பத்திமூணு. எதுக்கு வந்தீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதுல என்ன எழுத?"

"புள்ளைக்குக் கை தூக்க முடியலைன்னு எழுதுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து பாக்கெட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். ரொம்ப அவசர வேலை.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கே அக்கா வந்தார். மாமாவும் அவருமாகத் தையல் மிஷினைத் தூக்கிவந்து, சின்னப் பிள்ளைகள் தூங்குகிற ஹால் வாசலுக்குக் குறுக்கே போட்டார்கள். எட்டு மணிக்கு விசில் வந்தார். மிஷினை நகர்த்தச் சொன்னார். அக்கா மிதியை நிறுத்தாமல் ஒரு காலரை எடுத்து நீட்டினார். புகார் சொன்ன குழந்தை அலுவலரின் கண்பார்வையில் இருக்கவேண்டும் என்று அந்தக் காலரில் குறுக்கே சாய்வாக அச்சாகியிருந்தது. விசில் கழுத்தைச் சாய்த்து, காலரைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். இது எந்த ஊர் சட்டம் என்றார். "உங்க சட்டையும் இதுல வெட்டினதுதான் சார்" என்றார் அக்கா. அவர் மேனேஜர் ரூமுக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது.

அங்கே குழு ஆபீசில் அதே நேரம் வேறொரு சிக்கல். கேட் நோட்டில் அன்றாடம் எத்தனை பேர் உள்ளே வந்தார்களோ அத்தனை பேர் வெளியே போயிருக்கவேண்டும். கணக்கு சரியாக இருந்தால்தான் குழு அதிகாரியான மேடம் கையெழுத்துப் போடமுடியும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரே ஒரு பெண்மணி வந்திருக்கிறார், போகவில்லை. எங்கே என்று மேடம் கேட்டிருக்கிறார். "இன்னும் வெளிய போகலைங்க" என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் முழுக்கத் தேடியிருக்கிறார்கள், பாத்ரூம் உட்பட. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. போன நேரத்தை நீங்களே எழுதிவிடுங்கள் என்றதற்கு, பொய்க் கணக்கு எழுதினால் தன் பென்ஷன் போய்விடும் என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றுவிட்டாராம். புகார் நோட்டில் இருந்திருந்தால் அது பாட்டுக்குத் தூங்கியிருக்கும். கேட் நோட்டில் ஏறியதால் மேடம் கார் எடுத்துக்கொண்டு பதினொன்றேகாலுக்கு எங்கள் இல்லத்துக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் யாராவது வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி பீரோவைத் துடைக்கக்கூட நேரமில்லை.

கேட் நோட்டை நீட்டி, வெளியே போனதாக இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேடம். அக்கா பேனாவை வாங்கவில்லை. எங்களை எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கவைக்கச் சொன்னார். மேனேஜர் சார் எதற்கு என்றார். அளவெடுக்க என்றார் அக்கா.

"எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க. காது ஒட்டணும்."

சனிக்கிழமை அளவெடுத்தபோது தோள்வரைதான் தூக்கச் சொல்லியிருந்தார். தூக்கினோம். நிறையக் கைகள் மேலே போயின. ஒன்பது கை பாதியில் நின்றன. அதில் இரண்டு பெரிய பையன்களுடையது. அவர்கள் எங்களோடு கபடி ஆடுகிறவர்கள், எங்களுக்கே தெரியாது. மேடம் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். தழும்புக்குக் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முக்காலையும் மற்ற எட்டுப் பேரையும் தன் காரிலும் மாமா கூட்டிவந்த டெப்போ வேனிலும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார். முக்காலுக்கு முழங்கை எலும்பில் கீறல். அதற்கும் கீழே, ஏற்கெனவே கீறித் தானாகக் கோணலாகச் சேர்ந்த இன்னொன்று.

விசிலை அன்றே எங்கள் இல்லத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் மேடம் போன் செய்து, அவரை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இல்லத்துக்கு மாற்றியாகிவிட்டது, நீங்கள் வெளியே போகலாம் என்றார்.

"அந்த இல்லத்துல புள்ளைங்க இருக்காங்களா மேடம்?"

அறுபது பேர் என்றார் மேடம்.

"அப்ப நான் உள்ளயே இருக்கேன்."

பத்தொன்பது நாள் அக்கா உள்ளே இருந்தார். அதாவது நோட்டில். ஒவ்வொரு நாள் பக்கத்திலும் முதல் வரியாக, 'ஞாயிறு வந்த பெண்மணி, இன்னும் உள்ளே' என்று வாட்ச்மேன் சிவப்பு மையில் எழுதினார். ஒவ்வொரு நாளும் மேடத்தால் கையெழுத்துப் போடமுடியவில்லை. மேடத்துக்கு மேலே இருக்கிறவர் ஏன் போடவில்லை என்று கேட்டார். அவருக்கு மேலே இருக்கிறவரும் கேட்டார். இதற்கு நடுவில் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது: அரசு கொடுத்த கொள்கைப் புத்தகம் ஆறைச் சேதப்படுத்தியது, மேலதிகாரியைக் கேட்காமல் போன் செய்தது. இரண்டாவதற்கு விளக்கமாக அரை சைஸ் கையைக் குத்தி அனுப்பினார். முதலாவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அலுவலர் பதவியிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். இப்போது மேனேஜர் சாரே அதையும் பார்த்துக்கொள்கிறார். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளைகள் மடமடவென்று வளர்கிறார்கள், இனி மாதாமாதம் அளவெடுக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். துணி விஷயம்தானே என்று சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இருபதாம் நாள் மேடம் ஒரு உத்தரவை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். விசில் மீது போலீசில் வழக்கு. இனி குழந்தைகள் இருக்கிற எந்த இடத்திலும் வேலை பார்க்கமுடியாது. அக்கா அதை மூன்று தடவை படித்தார். எங்களில் ஒருவனை விட்டு நாலாவது தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அப்புறம் வாட்ச்மேனுக்கு போன் போட்டார்.

"அண்ணே, நான் கிளம்பறேன்."

பெரியவர் எத்தனை மணி என்று போட என்று கேட்டார். அக்கா திரும்பி, மாவுக்கட்டோடு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் பட்டன்களைக் கலர் கலராகப் பிரித்துக்கொண்டிருந்த முக்காலைக் கேட்டார். முக்காலுக்கு இன்னும் கடிகாரம் பார்க்க வராது. கொஞ்சம் யோசித்தான்.

"சாப்பாட்டு மணி அடிச்ச அப்புறம்" என்றான். "நான் இன்னைக்கும் சோறு மிச்சம் வைச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

வாட்ச்மேன் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.